குறட்டை நின்ற நேரம்

என் ராசாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்ட எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. "கலியாணத்துக்கு நான் மட்டும்தான் வருவன் தம்பி, அப்பாவுக்குப் பயணம் சரிவராது" என்று நான் சொன்னதும் மெல்பனில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். பிறகு நீயே கதையை மாற்றினாய். உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற பெடியன் சொல்கிறானாம், நீயும் அப்பாவைப் போலவே குறட்டை விடுகிறாயாம், கலியாணம் முடிந்த முதல் கிழமையே ஆரணி தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அப்பா வருவாரா மாட்டாரா என்பதற்கும் உன் குறட்டைக்கும் ஒரே கதைதான் பதில். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவள் நான். செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு அரைப் புள்ளிகூடப் போட்டதில்லை. ஆகவே கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்காதே.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவுக்குக் "கொஞ்சம் பிரஷர்" என்று உனக்குச் சொல்லி வந்தோமே, அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. அடிக்கிறது, ஆனால் இரத்தத்தைத் தள்ளுகிற வலு போதாது. இரண்டு வருஷத்துக்கு முன் கால்கள் வீங்கத் தொடங்கின. அப்பா சப்பாத்தைக் குறை சொன்னார். சப்பாத்தை மாற்றியும் வீக்கம் குறையாதபோது சொக்ஸைக் குறை சொன்னார். நம்முடைய ஃபிளாட்டில் லிப்ட் வேலைசெய்கிற நாளை விட வேலைசெய்யாத நாள்தான் கூட என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு மாடியிலும் நின்று சுவரில் ஒட்டியிருக்கிற அறிவித்தல்களை வாசிக்கத் தொடங்கினார். தண்ணீர்த் தாங்கி கழுவுகிற அறிவித்தலை ஒரு மனிதர் தினமும் மூன்று நிமிஷம் வாசிப்பாரா? மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த வாசிப்பு என்று எனக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது. நீ சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். விசா அலுவல் வேறு. சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயந்தோம். நாங்கள் செய்தது பிழை. நீ கோபப்படலாம், கலியாணத்துக்குப் பிறகு.

டொக்டர் உடம்பில் தேங்குகிற நீரை இறக்குகிற குளிசை கொடுத்தார், இதயத்துக்குக் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் உப்பைக் குறைத்தேன். அப்பா காலிவீதிக்கு "பேப்பர் வாங்க" போய் வடை தின்றுவிட்டு வந்தார். அது போகட்டும். நான் வடையையும் நிறுத்தினேன், அதன் பிறகும் அவர் தேறவில்லை. காலையில் எழும்பும்போது இரவு முழுக்க மூட்டை தூக்கின ஆள் மாதிரி இருப்பார். தலையிடி. பகலில் எங்கே இருந்தாலும் நித்திரை. தலைமயிர் வெட்டுகிற கதிரையில் நித்திரை, கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் நித்திரை. ஒருநாள் பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தபோது, அப்பா மட்டும் இறங்கவில்லை. பொடியன் மாதிரி ஒரு சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறி, துவக்கோடு, "சீயா, சீயா" என்று தோளைத் தட்டி எழுப்பவேண்டி வந்தது. தன்னைத் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டானே என்றுதான் அப்பாவுக்குக் கோபம். 

இனி என் பெரிய பிழைக்கு வருகிறேன். இரவில் அப்பா திடுக்கிட்டு, மூச்சுத் திணறி, எழும்பி உட்காருவது பல வருஷப் பழக்கம். நான் அதைப் பயம் என்று நினைத்தேன். நீ சின்னப்பிள்ளை, உனக்கு நினைவிராது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பாமன்கடையில் இருந்த வீட்டை விட்டு உடுத்த துணியோடு ஓடினோம். அதற்குப் பிறகு அப்பா எந்த இரவும் நிம்மதியாகப் படுத்ததில்லை. காற்சட்டையும் சேர்ட்டும் கதவுக் கொளுவியில், அடையாள அட்டை சேர்ட் பொக்கற்றில். ஆமிக்காரர் சுற்றிவளைப்பு என்று வீடு வீடாகச் சோதிக்க வந்து கதவைத் தட்டினால் முதலாவது தட்டுக்கே எழும்பிவிடுவார். வெள்ளவத்தையில் எந்த வீட்டில் ஆம்பிளை திடுக்கிட்டு எழும்பவில்லை? எல்லோருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு ஐயரிடம் நூல் மந்திரித்துக் கட்டினேன். அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பாமசிக்காரனைக் கெஞ்சி, டொக்டருக்குத் தெரியாமல் நித்திரைக் குளிசையும் வாங்கிக் கொடுத்தேன். பாவம், ஒரு இரவாவது பயமில்லாமல் தூங்கட்டும் என்ற ஆசை. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது. இதுவும் போதாதென்று, குறட்டை தாங்காமல் நீ வெளிநாடு போன அன்றிலிருந்து உன் அறையில் போய்ப் படுக்கத் தொடங்கினேன். சுவரைத் தாண்டியும் அந்தச் சத்தம் வரும். இடையில் சில வேளை சடாரென்று நிற்கும். அப்போது "அப்பாடா, முருகா" என்று கண்ணை மூடுவேன்.

போன வருஷம் டொக்டர் கேட்டார், "மருந்து ஒழுங்காப் போடுறார், உப்பும் குறைவு. பிறகு ஏன் பிரஷர் காலையில இவ்வளவு ஏறி நிக்குது? நித்திரை எப்பிடி?" நான் பெருமையாகச் சொன்னேன், "நித்திரைக்கு ஒரு குறையுமில்லை டொக்டர். கட்டில் அதிரக் குறட்டை." அவர் பேனையை வைத்துவிட்டார். "குறட்டை இடையில நிக்கிறதோ?" "ஓம் டொக்டர். கடவுளே எண்டு நிக்கும். அந்த நேரம் பாத்துத்தான் நானும் கொஞ்சம் கண் அயருவன்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார், "அம்மா, அது நிக்கிற நேரம் அவர் மூச்சு விடுறேல்லை." தம்பி, ஆறு வருஷமாக என் புருஷன் மூச்சு விடாத நேரங்களுக்கெல்லாம் முருகனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அப்பாவோ பக்கத்தில் இருந்து, "நான் குறட்டையே விடுறேல்லை டொக்டர், இவ சும்மா சொல்லுறா" என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தானே.

டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. காற்றுப் போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி ஆளை உலுப்பி எழுப்பும். அந்த உலுப்பலில் பிரஷர் ஏறும், இதயம் பாய்ந்து அடிக்கும். ஏற்கெனவே களைத்த இதயம் இரவில் ஆறவேண்டியது, விடிய விடிய ஓடுகிறது. இன்னொரு வகையும் உண்டாம். அதில் தொண்டை திறந்துதான் இருக்கும், மூச்சு விடச் சொல்லி மூளை கட்டளை கொடுக்க மறந்துவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கு இரண்டும் வரலாம், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல, ஆகவே எது என்று சோதிக்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்றார். நித்திரைக் குளிசையைப் பற்றி அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "அதை இண்டைக்கே குப்பையில போடுங்கோ" என்றார். போட்டேன்.

சோதனைக்கு நாள் கிடைக்கிற வரை என்னால் சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு அப்பா சாய்ந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கைக்கடிகாரமும் வரைபுத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். குறட்டை ஏறியது, ஏறியது, நின்றது. எண்ணத் தொடங்கினேன். பத்து. இருபது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, வாயில் காற்று இல்லை. முப்பது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குறட்டை வரவேண்டும் என்று கும்பிட்டேன். முப்பத்து நாலில், அடைத்த குழாய் திறந்தது மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. நான் அழுதுகொண்டே புள்ளியைக் குறித்தேன். ஒரு மணித்தியாலத்தில் தாள் நிறையப் புள்ளி. எழும்பிய அப்பாவின் கையில் அதைக் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அச்சு ரெண்டுக்கும் பேர் போடேல்லை" என்றார். கணக்கு ரீச்சரோடு இத்தனை வருஷம் வாழ்ந்த மனிதரல்லவா. ஆனால் அதற்குப் பிறகு குறட்டையே விடுவதில்லை என்று அவர் சொல்லவில்லை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுக்கவைத்து, நெஞ்சில் பட்டி, விரலில் கவ்வி, தலையெல்லாம் வயர் என்று சோதித்தார்கள். பெரும்பாலும் தொண்டை அடைப்பு வகைதான் என்று வந்தது. அதற்கு மூக்கில் முகமூடி மாட்டி, மெல்லிய அமுக்கத்தில் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிற மெஷின் ஒன்று உண்டு. இதயக் குளிசைகளும் உப்புக் கட்டுப்பாடும் அதோடு சேர்ந்து தொடரவேண்டும். நுகேகொடையில் மெஷினை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் ஓட்டோவில் வந்தோம். வெள்ளவத்தைச் சந்தியில் மறித்தார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே குழாய், வயர், முகமூடி, பொத்தானும் விளக்கும் வைத்த ஒரு பெட்டி. குண்டு வெடிக்கிற இந்த நாட்களில் இதைவிடச் சந்தேகமான சாமானை வேறு யாரும் காவிக்கொண்டு வந்திருக்க முடியாது. அப்பா வெளிறிப்போனார். நான் இறங்கி, "மாத்தயாட்ட நிதாகன்ன மெஷின் எகக் மல்லி" என்றேன், ஐயாவுக்கு நித்திரை கொள்கிற மெஷின் என்று. சிப்பாய் நம்பவில்லை. முகமூடியை எடுத்து அப்பாவின் மூக்கில் நடு ரோட்டில் மாட்டிக் காட்டினேன். ஓட்டோக்காரர் சிரிக்கத் தொடங்கினார். சிப்பாய் ஒருகணம் பார்த்துவிட்டு, "மடத் எகக் ஓனே, அம்மே" என்றான். தனக்கும் ஒன்று வேண்டுமாம். இரவு முழுக்க நிற்கிற பிள்ளை, பாவம், அவனுக்கும் நித்திரை இல்லைத்தானே.

வந்த மெஷினை அப்பா போடமாட்டேன் என்றார். போட்டால் அரை மணித்தியாலத்தில் கழற்றி எறிவார். மூக்கு அரிக்கிறது, காது அடைக்கிறது, காற்றுக் குளிர்கிறது என்று நாளுக்கொரு சாட்டு. பத்து நாள் பொறுத்தேன். பதினொராம் நாள் காலையில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து சண்டை பிடித்தேன். "நீங்கள் செத்துப்போனா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் முகமூடியின் பட்டியைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உமக்கு விளங்காது. அதைப் போட்டா நல்லா நித்திரை வருது."

"அதுக்குத்தானே அது!"

"அதுதான் பயம். கதவு தட்டினா எனக்குக் கேக்காது."

தம்பி, இதைக் கேட்டதும் எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. மூச்சு அடைத்து எழும்புவதைக்கூட இந்த மனிதர் காவல் வேலையாகத்தான் எடுத்திருக்கிறார். "கதவை நான் திறக்கிறன்" என்றேன். "நீரோ? பொம்பிளையைக் கதவு திறக்க விட்டுட்டு நான் படுத்துக் கிடக்கிறதோ?" "உங்கட சிங்களத்தை விட என்ர சிங்களம் நல்லம். நீங்கள் கதைச்சா ஒருத்தரும் இல்லாத குற்றத்தையும் ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும்." அதில் சிரித்துவிட்டார். சிரித்தால் தோற்றார் என்றுதான் அர்த்தம். அன்றைக்கே வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுப் படிவம், இரண்டு அடையாள அட்டை, டொக்டரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு என் தலைமாட்டில் வைத்தேன். "உள்ளே இதய நோயாளி நித்திரை" என்று சிங்களத்தில் எழுதி அறைக் கதவில் ஒட்டினேன். உன் அறையில் இருந்த என் தலையணையையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் திரும்பிப் போனேன். கதவைக் கேட்கிறது என் வேலை, மூச்சு விடுகிறது உங்கள் வேலை என்றேன்.

ஆறு கிழமை கழித்து ஒருநாள் விடியப்புறம் தட்டினார்கள். தலைமாட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். சொன்ன சொல் சொன்னதுதான். திறந்தேன். ஒரு சார்ஜன்ட், இரண்டு ஆமிக்காரர், ஒரு பெண் பொலிஸ். ஃபைலை நீட்டினேன். ஹோலைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள், அறைக் கதவுக்கு வந்தார்கள். சார்ஜன்ட் நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கதவை மெதுவாகத் தள்ளினார். உள்ளே அப்பா மல்லாந்து, மூக்கில் முகமூடி, குழந்தை மாதிரி நித்திரை. நான் இரகசியமாக விளங்கப்படுத்தினேன். சார்ஜன்ட் கையைக் காட்ட, அந்த இரண்டு பொடியன்களும் பூட்ஸோடு பூனை மாதிரி அடியெடுத்து வைத்து, கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்து, அலுமாரியைத் திறந்து பார்த்து, வெளியே வந்தார்கள். அப்பா அசையவில்லை. போகும்போது சார்ஜன்ட் வாசலில் நின்று, தன் தகப்பனுக்கும் இப்படித்தான் குறட்டை, கால் வீக்கமும் இருக்கிறது என்றார். "குறட்டை இடையில நிக்கிறதோ?" என்று நான் சிங்களத்தில் கேட்டேன். யோசித்தார். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன், எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு போனார். அன்று மேல்மாடியில் அறை எடுத்திருந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் விட்டுவிட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தண்ணீர் இறங்கியது.

அப்பா ஆறரைக்கு எழும்பினார். முகமூடியைக் கழற்றிவிட்டு, "ஏன் அலுமாரி திறந்து கிடக்கு?" என்றார். சொன்னேன். முதலில் கோபம் வந்தது, "ஏன் எழுப்பேல்லை?" என்று. பிறகு, "கட்டிலுக்குக் கீழயும் பாத்தவங்களோ?" "ஓம்." "டோர்ச் அடிச்சோ?" "ஓம்." "நான் நித்திரையோ?" "ஓமப்பா, ஓம்." கட்டிலில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இருபத்தைந்து வருஷத்துக்குக் கிட்டக் கதவையே கேட்டுக்கொண்டு கிடந்த மனிதர் ஒரு சுற்றிவளைப்பை முழுதாக நித்திரை கொண்டு தவறவிட்டிருக்கிறார். நான் குசினிக்குள் போய்த் தேயிலை போடுகிற சாட்டில் நன்றாக அழுதேன். அது சந்தோஷ அழுகை. அன்று முழுக்க ஃபிளாட்டில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அப்பா இதே கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஆமிக்காரரின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது.

அன்றிலிருந்து மெஷினைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இதயம் இன்னும் பலவீனம்தான், குளிசை விட ஏலாது, கருவாட்டைக் கண்ணாலும் காட்டேன். ஆனால் காலைத் தலையிடி போய்விட்டது, பிரஷர் இறங்கிவிட்டது, வீக்கம் குறைந்துவிட்டது. பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு நடக்கிறார். மூன்று மாடியும் ஒரே மூச்சில் இல்லை, ஒரு தரிப்போடு ஏறுகிறார். அந்த ஒரு தரிப்பிலும் அறிவித்தலை வாசிப்பதில்லை, எனக்காக நிற்கிறார். இப்போது எனக்குத்தான் முழங்கால்.

ஆகவே நீ சிரிக்காதே, ராசா. கலியாணத்துக்கு முன் போய்ச் சோதித்துப் பார். உன் இதயம் நன்றாக இருக்கும்போதே பார். அப்பாவைப் போல ஆம்பிளைக் கௌரவம் பார்த்து நாளைக் கடத்தாதே. ஆரணிக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. குறட்டை விட்டால் கோபிக்கட்டும், உலுப்பட்டும், சரித்துப் படுக்க வைக்கட்டும், ஆனால் அடுத்த அறைக்குப் போகவேண்டாம் என்று சொல். நான் போனேன். ஆறு வருஷம் அவர் தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல. நீயும் அவள் மூச்சைக் கேள். பயம், அலுப்பு, வயது என்று எங்களைப் போல நீங்களே பேர் வைத்துவிட்டு இருந்துவிடாமல், என்ன என்று ஆளிடமே கேளுங்கள். அப்பா ஏன் முகமூடியைக் கழற்றுகிறார் என்று நான் முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சம்.

ஆரணியின் ஆட்கள் இந்த நிலைமையில் கொழும்புக்கு வரமாட்டோம், சென்னையில் வைப்போம் என்றபோது நான் பயந்தது விமானத்துக்குத்தான். இந்த இதயத்தோடு ஏறலாமா என்று டொக்டரிடம் கேட்டபோது, மறுபடி ஸ்கான் பார்த்துத்தான் சொல்வேன் என்றார். அந்தப் பயத்தில்தான் உன்னிடம் நான் மட்டும் வருவேன் என்றேன். நேற்றுப் பார்த்தார்கள். டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் பார்த்ததை விட இதயம் பலமாக அடிக்கிறது, மெஷினைக் கையிலேயே கொண்டுபோங்கோ, போய்ப் பிள்ளையின்ர கலியாணத்தைப் பாருங்கோ என்றார். அப்பா அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ர பட்டு வேட்டி எங்க?" என்றார்.

வேட்டி தேடி எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நாங்கள் வருகிறோம், தம்பி. இரண்டு பேரும் வருகிறோம்.

அம்மா